‘நல்லா இருக்கிறார்’ என்று யாரைச் சொல்கிறோம்?

கணக்கர்மகள் எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் கிடந்து அறுக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் கணக்கு எழுதியவர். கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார், வேலை போய்விட்டது. அவருக்குக் கீழே இருந்தவர் போட்டுக் கொடுத்தார். தூரத்து உறவுதான், அவரை அங்கே சேர்த்துவிட்டதே அப்பாதான். அந்த நாற்காலி அவருக்கு வந்தது, பிறகு வீடு, கார் எல்லாம் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. இன்று குடும்பத்தில் யாருக்காவது ஒரு தகராறு என்றால் நியாயம் கேட்க அவரிடம்தான் போகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன மாதம் அத்தை சொன்னார்: “அவன் நல்லா இருக்கான். உங்கப்பாதான் பாவம், வாழ்ந்து கெட்டுட்டார்.” அன்று இரவு அந்த வார்த்தைகளையே உருட்டிக்கொண்டிருந்தேன். பணம் சேர்ந்தால் ‘நல்லா’ இருக்கிறார். பணம் போனால் ‘கெட்டு’விட்டார். நல்லது, கெட்டது என்ற இரண்டு சொற்களையும் பணத்திடம் கொடுத்துவிட்டு, அப்பா மாதிரி ஆளைச் சொல்ல என்ன சொல்லை மிச்சம் வைத்திருக்கிறோம்? ‘பாவம்’ என்பதைத்தான். ‘மதிப்பு’ என்ற சொல்லையும் பாருங்கள். நிலத்துக்கும் மதிப்பு, மனிதருக்கும் மதிப்பு.

சமூகம் என்றால் மேல், கீழ் என்று ஏதோ ஒரு வரிசை இருக்கத்தான் செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வரிசையைப் பணம் போடுகிறதா, அறம் போடுகிறதா? இரண்டும் ஒரே வரிசையாக இருக்க வழி உண்டா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

தராசு எழுதியது:

சகோதரி, உங்கள் அப்பாவை வணங்குகிறேன். ஆனால் பணத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்முன் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

பொருளில்லாமல் அறம் நிற்காது. திருக்குறளில் அறத்துக்கு 38 அதிகாரம், பொருளுக்கு 70 அதிகாரம். பொருட்பாலில் அரசு, அமைச்சு, நட்பு எல்லாம் அடக்கம் என்றாலும், ‘பொருள் செயல்வகை’ என்றே ஓர் அதிகாரம் தனியாக இருக்கிறது. பொருளைச் செய், பகைவன் செருக்கை அறுக்க அதைவிடக் கூரிய கருவி இல்லை என்று அதில் வருகிறது. பொருளைத் துறக்கச் சொல்லவில்லை, தீது இல்லாமல் ஈட்டச் சொல்கிறது. பசித்தவனிடம் போய் நேர்மை பேசுவது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

அப்புறம், பணவரிசை வருவதற்குமுன் எந்த வரிசை இருந்தது என்று யோசியுங்கள். பிறப்பு வரிசை. ஏதென்ஸ் நகரில் பொ.ஆ.மு. 594-இல் சோலோன் கொண்டுவந்த சட்டம் நினைவுக்கு வருகிறது. அதுவரை பதவியெல்லாம் உயர்குடியில் பிறந்தவர்களுக்கு. அவர் குடிமக்களை நிலத்தின் விளைச்சலை வைத்து நான்காகப் பிரித்தார். 500 மரக்கால் விளைந்தால் முதல் வகுப்பு, 300, 200 என்று அடுத்தடுத்து, அதற்கும் கீழே கூலிக்கு உழைப்பவர்கள். (அவர்கள் அளவை வேறு, புரிவதற்காக மரக்கால் என்கிறேன்.) இன்று கேட்டால் அநியாயம்தான். ஆனால் பிறப்பை மாற்ற முடியாது, விளைச்சலைக் கூட்டலாம். சாதியைச் சொல்லி வாசலில் நிறுத்தப்பட்டவனுக்குப் பணம் கதவைத் திறந்த கதைகள் எத்தனை! அதை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியாது.

ஈரமண் எழுதியது:

தராசு அண்ணா சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். பணம் கதவைத் திறக்கும். ஆனால் திறந்தவர்களில் பலர் உள்ளே போனதும் அதே கதவைச் சாத்துகிறார்கள்.

வறுமையில் வயிறு காய்வதைவிட முகம் காய்வதுதான் எனக்குத் தெரிந்த வலி. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா உள்ளேயே இருந்துவிடுவார், உடுத்தியிருப்பது கிழிசல் என்பதால். யாரும் அவரை எதுவும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு அந்த வரிசை அவருக்குள் இறங்கியிருந்தது.

பழையஏடு எழுதியது:

ஈரமண் எழுதியதைப் படித்ததும் பொருளியலின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித் சொன்ன சட்டை நினைவுக்கு வந்தது. தம் காலத்துக் கூலித்தொழிலாளி லினன் (ஆளிநார்த் துணி) சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவான் என்று எழுதினார். கிரேக்கரும் ரோமரும் லினன் இல்லாமல் நன்றாகவே வாழ்ந்தார்கள். சட்டை உயிர் வாழத் தேவையில்லை, கூசாமல் நிற்கத் தேவை. அதனால் அதையும் அத்தியாவசியப் பொருள்களில் சேர்த்தார்.

கணக்கர்மகள் கேட்ட கேள்விக்கும் அவரிடமே போகலாம். ஸ்மித் என்றாலே சந்தை, போட்டி, தன்னலம் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அவர் ‘நாடுகளின் செல்வம்’ எழுதியது 1776-இல். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1759-இல், மனிதனின் அற உணர்வுகளைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதைக் கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்தார். 1790-இல் ஆறாம் பதிப்பு வந்தது, அவர் இறந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் பதிப்பில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். செல்வரையும் வலியவரையும் வியக்கிறோம், ஏறக்குறையத் தொழுகிறோம், ஏழைகளை இகழ்கிறோம் அல்லது கண்டுகொள்ளாமல் போகிறோம். நம் அற உணர்வு கெட்டுப்போவதற்கு மிகப் பெரிய, எங்கும் பரவிய காரணம் இதுதான் என்கிறார். வாழ்நாள் முழுக்கச் செல்வத்தைப் பற்றிச் சிந்தித்த மனிதர் கடைசியில் சேர்த்துவிட்டுப் போன எச்சரிக்கை இது. படித்த அன்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சமூகத்தின் மேல்கீழ் அடுக்கு குலையாமல் நிற்க இதே வியப்புதான் தேவைப்படுகிறது என்றும் அதே இடத்தில் சொல்கிறார். அதாவது அடுக்கைத் தாங்கும் தூணும் அறத்தை அரிக்கும் கறையானும் ஒன்றே. இதிலிருந்து அவர் நழுவப் பார்க்கவில்லை.

இனி உங்கள் அப்பா விஷயம். எளிய, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு நேர்மையின் பாதையும் செல்வத்தின் பாதையும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும் என்கிறார் ஸ்மித். தச்சனோ, கொத்தனோ, தையல்காரரோ, அக்கம்பக்கம் நம்பினால்தான் பிழைப்பு. சட்டத்தை மீறித் தப்பிக்கிற அளவுக்குப் பெரிய ஆளும் இல்லை. மேலே போகப் போகக் கதை மாறுகிறது. அங்கே முன்னேற்றம் அக்கம்பக்கத்தின் நம்பிக்கையில் இல்லை, மேலே இருப்பவரின் தயவில் இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு பாதையும் பிரிகின்றன. உங்கள் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டது அந்தப் பிரிவில்தான் என்று நினைக்கிறேன்.

நெடுவழி எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனி மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்பி ஒரு சமூகத்தைக் கட்ட முடியாது. பேராசைக்காரன் தொழிற்சாலை கட்டினாலும் ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கிறது. அவன் மனதுக்குள் என்ன இருந்தால் நமக்கென்ன?

இங்கிலாந்தில் வாழ்ந்த மாண்டவில் என்ற மருத்துவர் 1705-இல் ஒரு தேன்கூட்டைப் பற்றி நீண்ட பாட்டு எழுதினார். கூட்டில் எல்லாத் தேனீக்களும் ஆடம்பரம், பொறாமை, ஏமாற்று என்று இருக்கின்றன, கூடு கொழிக்கிறது. ஒருநாள் எல்லாம் நேர்மையாகிவிடுகின்றன. பூட்டுச் செய்பவனுக்கு வேலையில்லை, வழக்கறிஞனுக்கு வேலையில்லை, பகட்டுத் துணி நெய்தவனுக்கும் இல்லை. கூடு சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் ஒரு மரப்பொந்துக்குள் போய் ஒடுங்குகிறது. 1714-இல் விளக்கவுரையோடு அதைப் புத்தகமாக்கியபோது, தனியார் தீமை பொதுநன்மை என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார். காது கொடுத்துக் கேட்கக் கசப்புதான். ஆனால் பொய் என்று யாராவது காட்டட்டும்.

பழையஏடு எழுதியது:

அதே மாண்டவில் 1723 பதிப்பில் என்ன சேர்த்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள் நெடுவழி. ஏழைப் பிள்ளைகளுக்குத் தருமப் பள்ளிகள் நடத்தக் கூடாது என்று ஒரு கட்டுரை. படித்துவிட்டால் கடின வேலைக்கு யார் வருவார்கள், நாடு கொழிக்க நிறைய ஏழைகள் அறியாமையிலேயே இருக்க வேண்டும் என்பது வாதம். அந்தப் பதிப்பு வந்ததும் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதி நடுவர் குழு நூலையே பொதுத்தொல்லை என்று குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டு சரியா தவறா என்பது வேறு பேச்சு. பாட்டு முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது அவர் யார் தலையில் செலவை எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நெடுவழி எழுதியது:

அந்தக் கட்டுரை எனக்குத் தெரியாது. அதை நான் ஏற்கமாட்டேன். சரி, யோசிக்கிறேன்.

சுடுமணல் எழுதியது:

பிறப்பும் வேண்டாம், வெறும் பணமும் வேண்டாம், தகுதி வரிசை போடட்டும் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். நானே பல வருடம் அப்படித்தான் நம்பினேன். தேர்வில் முதலிடம் வாங்கியவன், நல்ல சம்பளம், எல்லாம் என் உழைப்பு என்று நினைப்பு. பிறகு எங்கள் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்த பெண்ணைச் சந்தித்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். “நீ புத்திசாலி, மேலே வந்துட்ட. நான்தான் மக்கு” என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

தகுதியாட்சி என்ற சொல்லைப் பரப்பியவர் மைக்கேல் யங் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர். 1958-இல் எழுதிய நூலில் 2034 வரை ஒரு கற்பனை வரலாறு சொல்கிறார். அறிவுத்திறனும் முயற்சியும் சேர்ந்தால் தகுதி, அதன்படி எல்லாருக்கும் இடம். கடைசியில் அது பழைய சமூகத்தைவிடக் கொடியதாகிறது. ஏனென்றால் அந்தக் காலத்துப் பணக்காரனுக்கு, ‘நான் இங்கே பிறந்துவிட்டேன், அவ்வளவுதான்’ என்று உள்மனதிலாவது ஒரு கூச்சம் இருக்கும். புதியவனுக்கு அது கிடையாது. அந்தக் காலத்து ஏழைக்கு, ‘உலகம் எனக்கு அநியாயம் செய்தது’ என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளவாவது முடிந்தது. புதிய ஏழைக்கு அதுவும் இல்லை. அவர் எச்சரிக்கையாக எழுதியதை அரசியல்வாதிகள் இலட்சியமாக எடுத்துக்கொண்டார்கள் என்று 2001-இல் அவரே நொந்து எழுதினார்.

தராசு அண்ணா, பிறப்பு வரிசையைப் பணம் உடைத்தது உண்மை. ஆனால் பணம் தன்னை அறம் மாதிரி உடுத்திக்கொண்டு வரும்போது அதை உடைப்பது இன்னும் கடினம்.

தராசு எழுதியது:

இது என்னை யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது அல்லவா, கொடுப்பது? அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1889-இல் எழுதிய கட்டுரையில், செல்வத்தோடு சாகிறவன் இழிவோடு சாகிறான் என்றார். சொன்னதோடு விடவில்லை, உலகம் முழுவதும் 2,500 நூலகங்களுக்கு மேல் கட்டப் பணம் கொடுத்தார். செல்வம் தன் சொந்தக்காரனிடம் தங்காமல் ஊருணி மாதிரி எல்லாருக்கும் பயன்பட்டால் இரண்டு வரிசையும் ஒன்றாகிவிடாதா?

ஈரமண் எழுதியது:

நூலகம் கட்டியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எத்தனையோ பேர் அங்கே படித்து எழுந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பணம் எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். அதே கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892-இல் கூலி வெட்டை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள்மேல் துப்பாக்கி ஏந்திய தனியார் காவலர்களை ஏவினார்கள். இரண்டு பக்கமும் உயிர்கள் போயின, தொழிற்சங்கம் நொறுங்கியது. அங்கே பலருக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. 1898-இல் அதே பகுதியில் அவர் பணத்தில் நூலகம் திறந்தது. பன்னிரண்டு மணி நேரம் உலைக்களத்தில் நின்றவன் எந்த நேரத்தில் போய்ப் புத்தகம் எடுப்பான்? கூலியாகக் கொடுத்திருந்தால் அது அவன் பணம். நூலகமாகக் கொடுத்ததால் அவர் கொடை.

கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. தானம் எவ்வளவு பெருகினாலும் அந்த வரிசை அப்படியேதான் இருக்கும். பழைய மரபுகள் சில இதைப் புரிந்துவைத்திருந்தன என்று தோன்றுகிறது. யூத மறையில் அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடச் சொல்லியிருக்கிறது. அவனே வந்து அறுத்துக்கொள்ளலாம், யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். இஸ்லாத்தில் சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஜகாத். செல்வரின் பொருளில் இல்லாதவருக்கு உரிமை உண்டு என்றே குர்ஆன் பேசுகிறது. மைமோனிடஸ் என்ற யூத அறிஞர் கொடுப்பதை எட்டுப் படியாகப் பிரித்தார். மேல்படி எது தெரியுமா? கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை கொடுத்தோ, ஒருவன் இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லாதபடி நிறுத்துவது.

நம் மொழியிலும் ‘கடன்’ என்றால் திருப்பித் தர வேண்டியது, கடமை, இரண்டும்தான். ஈகையைவிட அந்தச் சொல்தான் எனக்கு நெருக்கம்.

பழையஏடு எழுதியது:

தராசு சொன்ன ஏதென்ஸிலேயே இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. போர்க்கப்பல் ஒன்றை ஓராண்டு நடத்தும் செலவு, விழாப் பாடற்குழுவின் செலவு எல்லாம் பெரும் செல்வர் தலையில். வரியும் அதுதான், பெருமையும் அதுதான். ‘என்னைவிட அவன் பணக்காரன், அவன் ஏற்கட்டும்’ என்று ஒருவர் சொல்லலாம். மற்றவர் மறுத்தால், ‘அப்படியானால் உன் சொத்தை எனக்குக் கொடு, என் சொத்தை நீ எடுத்துக்கொள்’ என்று சவால் விடலாம், வழக்கு நடுவர்களிடம் போகும். அடிமைகளின் உழைப்பில் நின்ற நகரம் அது, முன்மாதிரி என்று சொல்லமாட்டேன். ஆனால் செல்வத்துக்கு ஒரு பொறுப்பைக் கட்டி வைத்தார்கள், அந்தப் பொறுப்பைச் செய்தவனுக்கே மரியாதை என்றார்கள்.

கணக்கர்மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கேட்டபோது, பணவரிசையை எடுத்துவிட்டு அங்கே அறவரிசையை வைக்க முடியுமா என்பதுதான் என் மனதில் இருந்தது. இப்போது அது ஆபத்தாகப் படுகிறது. நல்லவர்கள் மேலே, கெட்டவர்கள் கீழே என்று ஒரு சமூகம் உட்கார்ந்து அடுக்கத் தொடங்கினால் அடுக்குகிற கை யாருடையது? பிறப்பு வரிசை போட்டவர்களும் அதைத் தூய்மை, புண்ணியம் என்றுதானே சொன்னார்கள்? சுடுமணலின் தோழி தன்னை மக்கு என்று சொல்லிக்கொண்டதும் அதே கைதான் செய்த வேலை.

எனக்கு வேண்டியது ஒரே வரிசை அல்ல. பல வரிசைகள் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்கக் கூடாது. பணக்காரர் பெரிய வீடு வாங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பணத்தால் தீர்ப்பை வாங்கக் கூடாது, மருத்துவமனை வரிசையில் என் அம்மாவை முந்தக் கூடாது. நியாயம் சொல்லும் இடத்தில் உட்காரும் உரிமையும் அதனால் வரக் கூடாது. பழையஏடு அய்யா, பிரிட்டிஷ் படையில் அதிகாரி பதவியை 1871 வரை பணம் கட்டி வாங்கலாம் என்று எங்கோ படித்தேன், சரிதானே? பிரான்சில் 1789 புரட்சி வரை நீதிபதி பதவியே விற்பனைக்கு இருந்ததாம். அன்று அதெல்லாம் இயல்பு. இன்று கேட்டால் நமக்குக் கூசுகிறது. அப்படியென்றால் பணம் நுழையக் கூடாத இடம் என்று கோடு போட்டு, அதைக் காக்கவும் மனிதர்களால் முடிந்திருக்கிறது.

பொறாமைக்காரன் செழிப்பதையும் செம்மையானவன் கெடுவதையும் ‘நினைக்கப்படும்’ என்று 169-ஆவது குறள் முடிகிறது. முற்பிறவி வினை என்று உரை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் அப்படியே போதும். நினைக்க வேண்டும், இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

பழையஏடு எழுதியது:

சரிதான் அம்மா, 1871-இல்தான் ஒழித்தார்கள். பிரான்ஸ் பற்றிச் சொன்னதும் சரி.

நெடுவழி எழுதியது:

சட்டத்தால் கோடு போட்டுவிடலாம். உங்கள் அத்தையின் மனதில் எப்படிப் போடுவீர்கள்? இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஓர் அத்தை இருக்கிறார்.

கணக்கர்மகள் எழுதியது:

நேற்று அவரிடமே கேட்டேன். சித்தப்பா வீட்டைப் பிரிப்பதில் ஒரு தகராறு, வழக்கம்போல அந்த உறவினரிடம் போவதாக இருந்தது. “ஏன் அத்தை, அப்பா இத்தனை வருடம் கணக்கு எழுதியவர்தானே, அவரிடம் ஏன் யாரும் கேட்பதில்லை?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “உங்கப்பாகிட்ட போனா உள்ளதை அப்படியே சொல்லிடுவாரே.”

இத்தனை நாள் அவர்களுக்கு அப்பாவின் மதிப்பு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நெடுவழி. அப்பாவிடம் இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று கேள், பார்க்கிறேன்” என்றார்.